பிசின் டப்பா

ரிம்மா எகோரோவ்னாவின் வீட்டில் நாற்பத்தோரு வருடமாக உப்பு கிடையாது. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பாலே ஆடுகிறவர்களுக்கு உப்பு ஆகாது என்பது பள்ளியில் பத்து வயதிலேயே காதில் ஓதப்படும் பாடம். உப்பு உடம்பில் தண்ணீரைக் கட்டி வைக்கும், முகம் ஊதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்கு மேல் தூக்குகிறவனுக்கு அந்த எடை தெரியும். இதை யார் முழுசாகக் கேட்டார்கள் என்றால் ஒருவரும் இல்லை. மேடையில் காற்றுபோல மிதந்த பெண்கள்தான் ஒப்பனை அறையில் ஊறுகாய் வெள்ளரிக்காய்க்கு அடித்துக்கொண்டார்கள். ரிம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், தனக்கு இருபத்தேழு வயதில் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போய்வரும் வரைக்கும். அந்தக் கல்யாணத்தில் அவள் அரை ஜாடி வெள்ளரிக்காயைத் தனியாளாகத் தீர்த்தாள். மறுநாள் மாலைக் காட்சியில், இரண்டாம் அங்கத்தில், வேன்யா அவளைத் தலைக்கு மேல் தூக்கியபோது முனகினான்.

பார்வையாளர்களுக்குக் கேட்கவில்லை. வாத்தியக்காரர்களுக்கும் கேட்கவில்லை. அவன் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்த ரிம்மாவுக்கு மட்டும் கேட்டது. அன்று வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உப்பு ஜாடியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். "என்ன பண்ற?" என்றான் வேன்யா. "இனி இந்த வீட்ல உப்பு கெடையாது. இன்னொரு தடவை நீ முனகக் கூடாது," என்றாள். அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு டீ போடப் போனான்.

வேன்யா என்கிற வெனியமின் தியூனோவ் அவளுடைய கணவன், மேடையில் அவளுடைய ஜோடி. பாலேயில் ஆணுக்கு முக்கியமான வேலை தாங்குவது. பெண்ணின் இடுப்பைப் பிடித்துச் சுழற்ற வேண்டும், தூக்க வேண்டும், அவள் தடுமாறினால் அது தடுமாற்றமே இல்லை என்று பார்ப்பவர்கள் நம்பும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். தாங்குகிறவனின் கை யார் கண்ணுக்கும் படக்கூடாது. வேன்யாவின் கை படவே படாது. அதனால்தானோ என்னவோ ரிம்மாவுக்குப் பட்டம் கிடைத்தது, பதக்கம் கிடைத்தது, சுவரொட்டியில் பெரிய எழுத்து கிடைத்தது. அவனுக்கு முப்பத்தெட்டாவது வயதில் ஓய்வூதியமும், பிறகு அதே தியேட்டரின் மேடைப் பொருள் கிடங்கில் ஒரு வேலையும் கிடைத்தன. அட்டையில் கிரீடம் செய்வான், உடைந்த வாளுக்குப் பிடி போடுவான். அதற்காக அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் தியேட்டர் ஒரு புத்தகம் போட முடிவு செய்தது. ஆண்டு விழாவை ஒட்டிய புத்தகம். பட்டம் வாங்கிய கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம்: ஒரு பக்கத்தில் புகைப்படமும் ஆடிய வேடங்களும், எதிர்ப் பக்கத்தில் அவர்கள் வீட்டில் விரும்பிச் சமைக்கும் ஒரு பதார்த்தத்தின் செய்முறை. வாழ்நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்களிடம் போய்ச் சமையல் குறிப்பு கேட்கிற யோசனை எந்தப் புண்ணியவானுக்கு உதித்ததோ தெரியாது. ஆனால் ரிம்மாவைப் பொறுத்தவரை கேட்கவே வேண்டியதில்லை. அவளுடைய மீன் பிரோக் தியேட்டர் முழுக்கப் பிரசித்தம்.

புளித்த மாவை இரண்டாக விரித்து, நடுவில் காமா ஆற்று மீனை முள் எடுத்து அடுக்கி, வெங்காயம், வெண்ணெய், இரண்டு பிரிஞ்சி இலை வைத்து, மேல் மாவால் மூடி ஓவனில் சுட்டெடுப்பதுதான் பிரோக். விருந்து நாளில் ரிம்மா மாவு பிசைவாள், மீனை நறுக்குவாள், அடுக்குவாள். அதோடு அவள் வேலை முடிந்தது. ஒப்பனை இல்லாமல் விருந்தாளி முன்னால் நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "நீ போய் ரெடியாகு, மூடுறதை நான் பாத்துக்கறேன்," என்பான் வேன்யா. அவன் மூடி, ஓரங்களை விரலால் கிள்ளி மடித்து, ஓவனில் தள்ளுவான். அரை மணி கழித்து ரிம்மா காதில் தோடு மின்ன வந்து, அதை மேசைக்குக் கொண்டுபோவாள். கைதட்டாத குறைதான். அவள் மட்டும் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டாள். மைதா, வெண்ணெய் இரண்டையும் பார்த்து ரசிப்பதோடு சரி.

ஜனவரியில் தியேட்டரின் இலக்கியப் பிரிவிலிருந்து ஆஸ்யா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். செய்முறையைக் கேட்டு எழுதுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. "மாவை எவ்வளவு நேரம் பிசையணும்?" என்றால் "பதினாறு எட்டு" என்றாள் ரிம்மா. நாட்டியக்காரர்கள் எதையும் எட்டெட்டாகத்தான் எண்ணுவார்கள். "எந்த வேகத்துல எட்டு?" என்று ஆஸ்யா கேட்க, ரிம்மா முழங்காலில் தாளம் தட்டிக் காட்டினாள், ஆஸ்யா கைப்பேசியில் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு இரண்டு புகைப்படங்களை மேசைமேல் வைத்தாள். ஒன்றில் ரிம்மா தனியாக. இன்னொன்றில் வேன்யா அவளைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், கீழே நிழலில் பாதி முகம் தெரிகிறது.

"எது போடலாம் ரிம்மா எகோரோவ்னா? ஜோடியாப் போட்டா வெனியமின் சாரோட பேரும் கீழ வந்துடும்."

வேன்யா டீக்கோப்பைகளோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். நின்றான் என்பதுதான் விஷயம். வழக்கமாக அவன் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

"தனிப் படம் போடு. இதுல எனக்கு இடுப்பு தடிமனாத் தெரியுது," என்றாள் ரிம்மா.

"அதானே," என்று வேன்யா சிரித்தான். "நான் சுவரு. சுவரை யாரு படம் புடிச்சு மாட்டுவா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து வேன்யா டிராம் நிறுத்தத்தில், கையில் ரொட்டிப் பையோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எழுபத்தோரு வயது.

அடக்கம் முடிந்த மறுநாளே ரிம்மா ஆஸ்யாவுக்குப் போன் செய்தாள். படத்தை மாற்ற வேண்டும், ஜோடிப் படம்தான் வேண்டும் என்றாள். ஆஸ்யா அழுதாள். ஆனால் படப் பக்கங்கள் எல்லாம் அதற்குள் அச்சகத்தில் தயாராகிவிட்டன, இனி ஒரு எழுத்தையும் தொட முடியாது. ரிம்மா போனை வைத்துவிட்டு அந்த வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையோடு நின்ற அந்த நிமிடத்தைத் தூக்கம் வராதபோதெல்லாம் எண்ணிப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு எட்டு நின்றிருப்பான். அந்த இரண்டு எட்டில் அவன் பெயரை ஒரு புத்தகத்தில் ஏற்றியிருக்கலாம். இடுப்பாம், தடிமனாம். அறுபத்தெட்டு வயதுக் கிழவிக்கு அந்த நாள் இடுப்பு எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் மார்ச் கடைசியில் வந்தது. கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இறந்தவரின் ஆன்மா அன்றோடு வீட்டை விட்டுப் போகிறது என்பதால் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, நெருங்கியவர்களை மதியம் உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும். ரிம்மா பிரோக் செய்தாள். முதல் தடவையாகத் தன் கையாலேயே மூடினாள். ஓரம் கோணல்மாணலாக வந்தது. வேன்யா கிள்ளினால் பின்னல் சடைபோல வரும்.

ஆறு பேர் வந்தார்கள். ஆஸ்யாவும் வந்தாள். உடைப் பிரிவில் நாற்பத்தைந்து வருடம் ஊசியும் நூலுமாக இருந்த கிளாவா எல்லோருக்கும் முன்னால் வந்து, தட்டு எடுத்து வைப்பதிலிருந்து அதிகாரம் செய்தாள். ரிம்மாவிடம் உள்ளதை உள்ளபடி பேசுகிற ஒரே ஆள் அவள்தான். வேன்யாவின் படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோப்பையில் வோட்கா ஊற்றி, அதன்மேல் கறுப்பு ரொட்டித் துண்டை மூடி வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"உப்பு குடு. ரொட்டி மேல ஒரு சிட்டிகை தூவணும்."

"எங்க வீட்ல ஏதுடி உப்பு?"

"நல்லா இருக்கு. செத்தவனுக்காவது ஒரு சிட்டிகை வாங்கி வெக்கக் கூடாதா?"

"தோணல கிளாவா."

"ஒனக்கு என்னைக்குத் தோணிச்சு," என்று சொல்லிவிட்டு கிளாவா உட்கார்ந்தாள். இறந்தவருக்காகக் குடிக்கும் வழக்கப்படி, கோப்பைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் குடித்தார்கள். பிறகு ரிம்மா பிரோக்கைக் கொண்டுவந்து வைத்து வெட்டினாள்.

எல்லோரும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பேச்சு நின்றது. ரிம்மா முப்பது வருடம் மேடையிலும் மேடை ஓரத்திலும் நின்றவள், அரங்கத்து மௌனத்தில் இரண்டு வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஒன்று கைதட்டலுக்கு முன்னால் வருவது. இன்னொன்று, எப்போது முடியும், கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று எல்லோரும் காத்திருப்பது. இது இரண்டாவது வகை. ஒருவர் தண்ணீர் குடித்தார். ஆஸ்யா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"பிரோக்கை என்னடி பண்ணின?" என்றாள் கிளாவா.

"எப்பவும் பண்றதுதான்."

"எப்பவும் பண்றதா? அவிச்ச பஞ்சைத் திங்கற மாதிரி இருக்கு. உப்பே இல்ல."

"உப்பு நான் என்னைக்குப் போட்டேன்? நாப்பத்தோரு வருஷமா இந்த வீட்ல உப்பு இல்லாமதான் பிரோக். நீங்களும் நக்கி நக்கித் தின்னீங்க."

கிளாவா கையில் முள்கரண்டியோடு அவளையே பார்த்தாள். அப்போது ஆஸ்யா மெதுவாகச் சொன்னாள், "ரிம்மா எகோரோவ்னா, நீங்க சொன்ன செய்முறையை நான் வீட்ல செஞ்சு பாத்தேன். இதே மாதிரிதான் வந்துச்சு. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

கிளாவா எழுந்து நேராக அடுப்படிக்குப் போனாள். ரிம்மாவும் பின்னாலேயே போனாள். கிளாவா ஒவ்வொரு கதவாகத் திறந்தாள், மூடினாள், மாவு ஜாடியை மோந்தாள், ஜன்னலோரத்தைப் பார்த்தாள். கடைசியில் ஓவனுக்கு மேலே உயரத் தட்டில் அவள் கண் நின்றது. அங்கே ஒரு நீல நிறத் தகர டப்பா. அதன்மேல் வேன்யாவின் கையெழுத்தில் 'பிசின்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"அவனோட பழைய பிசின். கையில ஒட்டும், தொடாதேன்னு சொல்லிட்டே இருப்பான்."

ஆடும்போது வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் தேய்த்துக்கொள்கிற பிசின்பொடி அது. தியேட்டரில் மேடைக்குப் போகும் வழியில் பெட்டி நிறைய இருக்கும். ஆட்டத்தை விட்டவர்களும் நினைவுக்காக வீட்டில் கொஞ்சம் வைத்திருப்பதுண்டு. ரிம்மாவுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

"ஏண்டி, அடுப்படியில யாரு டான்ஸ் ஆடறா?" என்றாள் கிளாவா. முக்காலியைப் போட்டு ஏறி, டப்பாவோடு இறங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே பாதிக்கு மேல் வெள்ளைப்பொடி. நடுவில் ஒரு சின்ன மரக்கரண்டி குத்தி நின்றது. கிளாவா விரலை நனைத்து, தொட்டு, நாக்கில் வைத்தாள்.

"உப்புடி," என்றாள்.

ரிம்மா அந்த முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ போய் ரெடியாகு, மூடுறதை நான் பாத்துக்கறேன். எத்தனை விருந்து, எத்தனை பிறந்தநாள், எத்தனை புது வருடம். அவள் உள்ளே கண்ணாடி முன்னால் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருக்க, இவன் இங்கே டப்பாவை இறக்கி, மீன்மேல் தூவி, மூடி, கிள்ளி, டப்பாவை ஏற்றி வைத்திருக்கிறான். அவள் தோடு மின்னப் போய்ப் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அப்போதும் அவன் கை யார் கண்ணிலும் படவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஏமாத்திருக்கான். திருட்டுப் பய. ஒரு வார்த்தை சொன்னா என்ன? உப்பு போட்டாத்தான் நல்லா இருக்கும்னு சொன்னா நான் என்ன அவனைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

கிளாவா டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு ஏதோ தீர்மானித்தவளாகக் கேட்டாள், "நீ எதுக்குடி உப்பை விட்ட?"

"ஒனக்குத் தெரியாதா? அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் அவன் முனகினான். என் எடை தாங்காம."

"ஒன் எடை இல்ல."

"என்ன?"

"அன்னைக்குக் காலைல ஒத்திகையிலேயே அவனுக்குத் தோள்பட்டை பிசகிடுச்சு. உள்ள ஏதோ கிழிஞ்சிருக்கணும், கை கறுத்துப்போச்சு. நான்தான் சட்டைக்கு உள்ள துணி சுத்தி, சட்டையோட சேத்துத் தச்சு விட்டேன். வெளில தெரிஞ்சா வேஷத்தைப் புடுங்கிடுவாங்க, உன்கூட வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு பயந்தான். எங்கிட்ட சத்தியம் வாங்கினான்."

"நாப்பத்தோரு வருஷமா நீயும் சொல்லல."

"சத்தியம் பண்ணிட்டேனே. ஒரு தடவை நானே கேட்டேன், இப்பவாவது அவகிட்ட சொல்லேண்டான்னு. அதுக்கு அவன், அவ வெள்ளரிக்காயைக்கூட விட்டுட்டா கிளாவா, இப்பப் போயி எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுச் சொல்லுவேன்னான்."

ரிம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறமும் எட்டு வருடம் அவன் அவளைத் தூக்கியிருக்கிறான். அதே தோளில். ஒரு தடவைகூட முனகவில்லை. அவள் அதை உப்பை விட்டதன் பலன் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள். வயதான பிறகு அவன் வலது கை தோளுக்கு மேல் ஏறாது. சட்டை போடக்கூட வளைந்து நெளிவான், மேல் தட்டில் எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுப்பான். வயசாச்சு, மூட்டு தேய்ஞ்சிருக்கும் என்று அவளே தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பொய்யைச் சொல்லாமல் சொல்லிவிட்டு, அதற்கு ஈடாகச் சிட்டிகை சிட்டிகையாக நாற்பத்தோரு வருடம் கொடுத்துத் தீர்த்த மனிதனை என்ன சொல்லித் திட்டுவது? அவள் அழுதாள். அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து அழுதாள். கிளாவா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அழு, அழு. மூஞ்சி ஊதினா ஊதட்டும்," என்றாள்.

கிளம்பும்போது ஆஸ்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "படப் பக்கம்தான் முடிஞ்சுபோச்சு ரிம்மா எகோரோவ்னா. செய்முறைப் பக்கங்களை இன்னும் அனுப்பல, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் திருத்தலாம். உப்பு எவ்வளவுன்னு மட்டும் சொன்னீங்கன்னா ஒரு வரி சேத்துடுவேன்."

மறுநாள் காலையில் ரிம்மா மாவு பிசைந்தாள். மீன் வாங்கி வந்தாள். ஒரு பெரிய பிரோக்குக்குப் பதிலாக நாலு சின்னது செய்வது என்று முடிவு செய்தாள். டப்பாவிலிருந்த மரக்கரண்டியால் முதலாவதில் அரைக் கரண்டி தூவினாள். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்றரை. நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டு, அவன் இடது கையால் எப்படித் தூவியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு தூவினாள். வெந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். நாற்பத்தோரு வருடம் கழித்து உப்பு பட்டதில் நாக்கு சுரீர் என்றது. எது சரி, எது கூடுதல் என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், வேன்யா செய்த பிரோக்கை அவள் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லையே. ஊரெல்லாம் தெரிந்த ருசி அவளுக்கு மட்டும் தெரியாது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

கிளாவாவை வரச் சொன்னாள். கிளாவா நாலையும் தின்று பார்த்தாள். இரண்டாவதை இன்னொரு வாய் தின்றாள்.

"இது கிட்ட வருது. ஆனா அது இல்ல."

"எது கம்மி?"

"தெரியலடி. அவன் மீனுக்குத் தனியா, வெங்காயத்துக்குத் தனியா போட்டானோ என்னவோ. இல்ல ஓரத்தைக் கிள்ளும்போது கையில இருந்தது ஒட்டுச்சோ. கேட்டா சொல்லியிருப்பான்."

"யாரு கேட்டா," என்றாள் ரிம்மா.

பன்னிரண்டரைக்கு ஆஸ்யாவின் போன் வந்தது. பின்னால் யாரோ சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்துவது கேட்டது.

"எழுதிக்கறேன், சொல்லுங்க. உப்பு எத்தனை கரண்டி?"

ரிம்மா நீல டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கரண்டி என்று சொல்லிவிடலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. புத்தகத்தில் அச்சாகி, அவள் பெயருக்குக் கீழே அவளுடைய பிரோக் என்று நிற்கும். மறுபடியும் அவள் தோடு மின்ன வந்து வாங்கிக்கொள்வாள்.

"மீனை அடுக்குற வரைக்கும் எழுதியிருக்கியா?"

"இருக்கு. வெங்காயம், வெண்ணெய், பிரிஞ்சி இலை."

"அதுக்குக் கீழ எழுது. இதுக்கு மேல ரிம்மாவுக்கு வேலை இல்ல, அடுப்படியை விட்டு வெளிய போயிடணும்."

"ரிம்மா எகோரோவ்னா?"

"எழுதும்மா. உப்பு, வெனியமின் தியூனோவ் போடற அளவு. மூடுறதும் அவர்தான். பேரை முழுசா எழுது."

ஆஸ்யா எழுதுவது கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அளவே இல்லாம எப்படிங்க? படிக்கிறவங்க, இவரு யாருன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்," என்றாள் ரிம்மா. "ஒருத்தராவது கேக்கட்டும்."